முந்நூற்றுப் பதினெட்டுப் பாடங்களும் ஒரு கையெழுத்தும்

அன்னோலின் மசெங்குக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். லுகான்வில் ஆசிரியர் பயிற்சி மையத்தில் அவளோடு ஏழு வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் கத்தினால் பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் எழுந்து போக வழி பார்க்க வேண்டும்.

பெரிய ஆள் என்று சொல்ல முடியாது. பசிபிக் கடலில் உள்ள பாமா தீவில் பிறந்தவள். வயது நாற்பத்து மூன்று, இரண்டு பெண்பிள்ளைகள், புருஷன் சரக்குக் கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன். செல்போன், கணினி என்று கையில் கிடைப்பதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று வடக்குத் தீவுகளின் வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அதோடு அவளுக்கு ஒரு இணையப் பக்கம் இருந்தது. வாத்தியார்கள் எழுதிய பாடங்களை வாத்தியார்களே எடுத்துக்கொள்கிற பக்கம்.

பார்க்க அது லட்சணமாக இராது. சாம்பல் நிறம், கறுப்பு வெள்ளைப் படங்கள், கோடு போட்ட பட்டியல், அவ்வளவுதான். கடவுச்சொல் கேட்காது. ஒவ்வொரு பாடத்தையும் போனில் எடுத்த ஒரு புகைப்படத்தை விடச் சிறியதாகச் சுருக்கி, உலர்த்தி, மடித்து வைத்திருப்பாள். அதற்குக் காரணம் உண்டு. மேவோ தீவில் ஒரு வாத்தியார் முக்கால் மணி நேரம் மலையேறி, ஒரே ஒரு கோடு சிக்னலைப் பிடித்து நிற்கும்போது, வாலாட்டுகிற படங்கள் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தால் அவனுடைய டேட்டாவும் போகும், பொழுதும் போகும். அதுவும் முடியாதவர்களுக்கு, மொத்தப் பக்கத்தையும் மெமரி கார்டில் ஏற்றி வெள்ளிக்கிழமைக் கப்பலில் அனுப்பிவிடுவாள். ஆளுக்கு ஆள் கைமாறி அது எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும்.

பக்கம் பிறந்தது ஒரு புயலுக்குப் பிறகு. அப்போது அவள் பாமாவில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக் கூரை போயிற்று. புத்தகங்கள் நனைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, பிரிக்க முடியாத கட்டிகளாகிவிட்டன. நிவாரணக் கப்பலில் அரிசி வந்தது, டின் மீன் வந்தது, தார்ப்பாய் வந்தது. புத்தகம் மட்டும் எட்டு வாரத்துக்கு வரவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊரில் மிஞ்சிய ஒரே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அவர்களை நிறுத்தி, இதில் எத்தனை வாளித் தண்ணீர், எத்தனை வீடு, எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்குப் போட வைத்தாள். கரும்பலகையைப் போனில் படம் பிடித்து, காசில்லாமல் கிடைக்கிற ஒரு வலைப்பூவில் போட்டு வைத்தாள். நாலாம் நாள் பக்கத்துக் கிராமத்து டீச்சர் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தத் தொட்டிக் கணக்கு நல்லாருக்கு. அடுத்தது எப்போ போடுவீங்க? இங்க பிள்ளைங்க சும்மா உக்காந்து என் மூஞ்சியவே பாக்குதுங்க."

இப்படித்தான் ஆரம்பம். இதற்கு யாரும் திட்டம் தீட்டவில்லை, நாடாவும் வெட்டவில்லை.

பிறகு அவள் லுகான்வில் மையத்துக்கு வந்தாள், பாடங்கள் பெருகின, ஒரு பெரிய தப்பும் செய்தாள். அந்தத் தப்பைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஒரு பயிற்சி வாரத்தில், பெந்தகோஸ்த் தீவின் வடக்கிலிருந்து வந்த இளம் டீச்சர் ஒருத்தி, மதிய இடைவேளையில் மணலில் விரலால் ஆமை வரைந்தாள். விரலை எடுக்காமல் ஒரே கோடு, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். அன்னோலின் அதைப் படம் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஒத்திருப்பது எப்படி, கோடு ஒன்றை ஒன்று எங்கே வெட்டுகிறது என்று அருமையான கணக்குப் பாடமாக்கித் தன் இணையப் பக்கத்தில் போட்டாள். நாற்பது பள்ளிக்கூடங்கள் அதை எடுத்து நடத்தின. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து மூன்று ஆட்கள் கப்பலேறி வந்து, மையத்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த டீச்சரின் தாய்மாமன் அமோன் புலெயும் அவருடைய தம்பிகளும். சண்டை போடவில்லை, சத்தமும் போடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்தே இருந்தார்கள். மூன்றாம் நாள் அன்னோலின் வெளியே வந்தாள்.

"அந்த ஆமையை யாரைக் கேட்டும்மா போட்டே?" என்றார் அமோன்.

"பாடம்தானே மாமா. பிள்ளைங்களுக்குத்தானே போட்டேன். பத்து வாட்டுகூட யார்கிட்டயும் வாங்கலை."

"காசு வாங்கினியான்னு நான் கேக்கலை. எங்க குடும்பத்து ஆமை அது. உங்க பாமாவுல உங்க வீட்டுக்குன்னு ஒரு ஆட்டம் இருக்குமில்ல, அதை நான் எங்க ஊருல ஆடிட்டு, காசு வாங்கலை தாயேன்னு சொன்னா, சரி மாமான்னு விட்டுருவியா?"

விடமாட்டாள். பாமாவில் அவர்கள் வீட்டு ஆட்டத்தைக் கேட்காமல் ஆடியவன் காலை உடைத்திருப்பார்கள் அவளுடைய சித்தப்பாக்கள். ஒரு ஆட்டத்தைத் திடலில் பார்த்திருந்தால் 'இது யாருடையது' என்று முதலில் கேட்டிருப்பாள். இது படமாகப் போனுக்குள் வந்ததும் அந்தக் கேள்வியே அவளுக்குத் தோன்றவில்லை. போன் கண்ணாடிக்குள் போய்விட்டால் எல்லாம் ஆளில்லாச் சொத்து என்று அவளும் நினைத்துவிட்டாள். அது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

தீவு வழக்கப்படி, கோரைப்பல் வளைந்த பன்றி ஒன்றும் சிவப்புப் பாய்கள் ஐந்தும் அபராதமாகக் கொடுத்துத் தீர்த்தாள். "ஒரு ஆமைக்கு ஒரு பன்னியா?" என்று அவள் புருஷன் கப்பலிலிருந்து கேட்டான். "இனிமே எலியைப் போடு. கோழியோட முடிஞ்சிரும்." அமோன் புலெ பன்றியை வாங்கிக்கொண்டு, ஆமையை அந்த இணையப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். எந்தக் குடும்பத்துடையது, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று மேலே எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் படிக்கக் கூடாதென்று அவர் ஒருபோதும் சொல்லவில்லையே.

மறுநாளே அவள் உட்கார்ந்து பழைய பாடங்கள் அத்தனையின் தலையிலும் மூன்று வரி சேர்க்க ஆரம்பித்தாள். யாருடையது, எந்தத் தீவு, எதற்குக் கொடுத்தது. பெயர் தெரியாத பாடங்களுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தாள். தெரியவே வராத பதினொன்றை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பாடங்கள் மழைபோல் வந்தன. காரணம் எளிது. இருபது வருடம் பாடம் நடத்தி, விடுப்புப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் தன் பெயரைப் பார்க்காதவர்கள் இந்தத் தீவுகளில் நிறைய. மேவோவின் எஸ்தெர் விரா தன் பெயரைப் பக்கத்தில் பார்த்துவிட்டு, போனைத் தன் அம்மாவிடமும், தேவாலயத்தில் பாஸ்டரிடமும், பிறகு படகுக்காரனிடமும் காட்டினாளாம். நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரிந்தால் நமக்குத்தான் ஏதோ கோளாறு.

இப்படி நூற்று நாற்பத்தொரு பேருடைய முந்நூற்றுப் பதினெட்டுப் பாடங்கள் சேர்ந்திருந்தபோது 'ஒரே வாசல்' வந்தது.

வெளிநாட்டுப் பணத்தில் வந்த திட்டம் அது. பசிபிக் வாத்தியார்கள் எல்லோருக்கும் ஒரே இணையத்தளம். அழகான தளம், பொய் சொல்லக் கூடாது. திறந்ததும் ஒரு நீல மீன் வாலை ஆட்டிக்கொண்டு வரும். மின்னஞ்சல் கேட்கும், கடவுச்சொல் கேட்கும், நிபந்தனைகளைப் படித்தேன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லும். எல்லாம் இருந்தது. உள்ளே பாடம்தான் இல்லை. அன்னோலினிடம் இருக்கிறதே, எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கேயோ யாரோ ஒரு மேஜையில் முடிவு செய்துவிட்டார்கள்.

மையத்தின் தலைவர் ஜெப்தா கரே அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் மேலிடத்துக் கடிதம் என்றால் எழுந்து நின்று படிப்பவர்.

"உக்காரும்மா."

"நின்னே கேக்கறேன் அண்ணே. உக்காந்தா நீங்க நீட்டுவீங்க."

அவர் ஒரு தாளை நகர்த்தினார். "ஒரு கையெழுத்துதான். வேற ஒண்ணுமில்லை."

அவள் படித்தாள். 'இங்குள்ள பாடங்கள் அனைத்துக்கும் நானே உரிமையாளர். அவற்றை முழுமையாகத் திட்டத்துக்கு அளிக்கிறேன்.'

"நானா உரிமையாளர்?" அவள் குரல் தாழ்ந்தது. ஜெப்தா நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

"யாராவது ஒரு ஆள் போடணுமாம். நூத்தி நாப்பது பேரைத் தீவு தீவாத் தேடிப் பிடிக்க முடியாதாம்."

"பிடிச்சுதானே நான் வாங்கினேன். சரி, அவங்க பேரெல்லாம்?"

"எல்லாப் பாடமும் ஒரே மாதிரி தெரியணுமாம். பேருக்கு எடமில்லை. திட்டத்தோட சின்னம் மட்டும் இருக்கும்."

"வாலை ஆட்டற மீனுக்கு எடம் இருக்கு. ஆளு பேருக்கு எடம் இல்லையா?"

"கேளு அன்னோலின். போட்டியானா வடக்குத் தீவுகளுக்கெல்லாம் நீதான் ஒருங்கிணைப்பாளர். போடலைன்னா உன் பதவி இந்த டிசம்பரோட முடியுது. உன் பக்கத்தையும் மூடணும், அது ஆபீஸ் நேரத்துல செஞ்சதுங்கறாங்க. நான் சொல்லலை. கடுதாசி சொல்லுது."

"கூரை போன பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சது அண்ணே அது. அப்போ உங்க ஆபீஸ் எங்க இருந்துச்சு?"

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். வெளியே வந்த பிறகுதான் வீட்டுக் கணக்கைப் போட்டாள். மூத்தவள் தலைநகர் விலாவில் கல்லூரியில் இருக்கிறாள், இளையவளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. கப்பல் சம்பளம் கப்பலைப் போலத்தான், வந்தால் வரும். சந்தைக்குப் போய்க் கீரைக்கட்டு எடுத்தவள் காசு கொடுக்க மறந்து நடந்துவிட்டாள். கீரைக்காரி பின்னாலேயே ஓடி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

"என்ன செய்யப் போறே?" என்று புருஷன் போனில் கேட்டான்.

"கேக்கப் போறேன்."

"யாரை?"

"எல்லாரையும்."

செய்தியாகவும், மெமரி கார்டோடு வைத்த கடிதமாகவும், கப்பல்காரர்கள் வாய்மொழியாகவும் அந்தக் கேள்வி தீவு தீவாகப் போயிற்று. உங்கள் பாடத்தைப் பெயரில்லாமல் கேட்கிறார்கள், கொடுக்கிறீர்களா? மூன்று வாரத்தில் பதில்கள் வந்தன. ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொண்டாள்.

கையெழுத்து நாளும் வந்தது. வருடாந்திரப் பயிற்சி வாரம் என்பதால் வடக்குத் தீவு வாத்தியார்கள் எண்பது பேர் கூடத்தில் இருந்தார்கள். மேடையில் பூமாலையோடு மார்வென் ஷா, பிரிஸ்பேனிலிருந்து வந்த திட்ட ஆலோசகர் அம்மாள். எங்கள் பிஸ்லாமா மொழியைச் சுமாராகப் பேசுவார், சிரித்த முகம், கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. பின்கட்டில், கிழங்கை அரைத்து இலையில் சுற்றிய லாப்லாப் சுடுகற்களுக்கு அடியில் வெந்துகொண்டிருந்தது. ஒன்பதரை மணிக்கு ஜெப்தா கரே எழுந்து, இப்போது அன்னோலின் மசெங் கையெழுத்திடுவார் என்று அறிவித்தார்.

அவள் மேடையேறினாள். பேனாவை எடுக்கவில்லை, மைக்கை எடுத்தாள்.

"இதுல உரிமையாளர்னு போட்டிருக்கு. அது நான் இல்லை. உரிமையாளருங்களைக் கேட்டுட்டு வந்திருக்கேன். கொஞ்சம் நேரம் ஆகும், மன்னிக்கணும்." நோட்டைப் பிரித்தாள். "பாடம் ஒண்ணு. தண்ணித் தொட்டி. பாமா, அன்னோலின் மசெங். குடுக்கலை. பாடம் ரெண்டு. காத்தோட திசை. மேவோ, எஸ்தெர் விரா."

மூன்றாம் வரிசையில் எஸ்தெர் எழுந்தாள். "குடுக்கலை."

"பாடம் மூணு. கிழங்கு நடற நாள். பேங்ஸ் தீவு, தாமஸ் வேகோ."

"குடுக்கலை அக்கா. வீட்டுல பொண்டாட்டியையும் கேட்டேன். அவ என்னையே குடுத்தாலும் குடுப்பாளாம், பாடத்தைக் குடுக்கமாட்டாளாம்."

கூடம் சிரித்தது. வராதவர்களின் பதிலை நோட்டிலிருந்து படித்தாள். வந்தவர்கள் எழுந்து சொன்னார்கள். ஆமைப் பாடம் வந்தபோது, அமோன் புலெ சொல்லியனுப்பியதை அப்படியே படித்தாள்: "பேரோட கேட்டா குடுக்கறேன். பேரில்லாமக் கேக்கறவங்க ஒரு பன்னியோட வரட்டும்."

இருபதாவது பாடத்தில் மார்வென் ஷா குறுக்கிட்டார். "அன்னோலின், இதை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை. இன்னும் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். அது நல்லதுதானே?"

"நல்லதுதான் மேடம். இப்பவே எடுத்துட்டுப் போங்க. எங்க பக்கத்துக்குப் பூட்டே கிடையாது. தலையில இருக்கற மூணு வரியை மட்டும் வெட்டாதீங்க."

"இந்தப் படிவத்தில் அதற்கு வழியில்லை. எனக்கும் வருத்தம்தான்."

"படிவத்தை மாத்துங்க. மனுஷங்களை மாத்தறதை விட அது சுலபம்." சொல்லிவிட்டுத் திரும்பினாள். "பாடம் இருபத்தொண்ணு."

நாற்பதாவதில் ஜெப்தாவுக்குப் பொறுக்கவில்லை. "போதும் அன்னோலின். எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு. உக்காரு."

"இன்னும் இருநூத்தி எழுபத்தெட்டு இருக்கு அண்ணே. அவங்களும் வாத்தியாருங்கதான்."

உட்காரவில்லை. பதினொரு மணி ஆயிற்று. சமையல்காரப் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றார்கள். மார்வென் ஷா கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பெயர்களைக் கவனிக்க ஆரம்பித்தார். அன்னோலினுக்குத் தொண்டை கட்டியது, குரல் கரகரத்தது, யாரோ இளநீர் கொண்டுவந்து வைத்தார்கள், அதையும் குடிக்கவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க விடமாட்டார்கள் என்ற பயம் அவளுக்கு.

"பாடம் இருநூத்தி மூணு. நிழலை வச்சு தென்னமரத்தோட உயரம் அளக்கறது. அம்பே தீவு, ஜெப்தா கரே."

கூடமே ஜெப்தாவின் பக்கம் திரும்பியது. ஆறு வருடத்துக்கு முன்னால், தலைவர் ஆவதற்கு முன்பு, அவரே ஆசையாக எழுதிக் கொடுத்த பாடம். நோட்டில் அந்த ஒரு வரிக்கு எதிரே மட்டும் அவள் எதுவும் எழுதாமல் விட்டிருந்தாள். நேரில் கேட்கத்தான்.

"குடுக்கறீங்களா அண்ணே?"

அவர் மேஜைமேல் இருந்த கடிதத்தைப் பார்த்தார். மார்வென் ஷாவைப் பார்த்தார். எண்பது வாத்தியார்களைப் பார்க்கவில்லை.

"குடுக்கறேன்," என்றார்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவர் பெயருக்கு எதிரே 'கொடுத்தார்' என்று எழுதிக்கொண்டு, இருநூற்று நாலுக்குப் போனாள்.

கடைசிப் பாடம் முடியும்போது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. "முந்நூத்திப் பதினெட்டுல ஒண்ணு கிடைச்சிருக்கு," என்றாள். "அதுக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது, அது அவருது. அவரே போடட்டும்." மேஜையில் இருந்த பேனாவை எடுத்து ஜெப்தாவின் பக்கம் நீட்டினாள். எத்தனையோ வாத்தியார்களுக்கு எத்தனையோ சான்றிதழில் கையெழுத்துப் போட்ட கை, அன்றைக்குப் பேனாவை வாங்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. போட்டார். யாரும் கைதட்டவில்லை. லாப்லாப் ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

டிசம்பரில் அவள் வேலை போயிற்று, கடுதாசி சொன்னபடியே. அழுதாள். அழவில்லை என்று எழுதினால் அவளுக்கே பிடிக்காது. மூத்தவளுக்கு அந்த வருடக் கட்டணத்தை வாத்தியார்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டினார்கள், அன்னோலின் வேண்டாம் என்று சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. இப்போது லுகான்வில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுக்கிறாள். பக்கத்தை மூடச் சொல்லி மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் படித்தாள், மூடவில்லை. வெள்ளிக்கிழமைக் கப்பலில் மெமரி கார்டுகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு தளத்தை மூடச் சொல்வது எளிது, எந்த மாலுமியின் சட்டைப்பையில் எந்தக் கார்டு இருக்கிறது என்று தேடுவதுதான் கஷ்டம்.

'ஒரே வாசல்' பிப்ரவரியில் திறந்தது. நீல மீன் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. எங்கள் நாட்டின் பெயரை அழுத்தினால் உள்ளே ஒரே ஒரு பாடம் இருந்தது. நிழலை வைத்துத் தென்னை மரத்தின் உயரம் அளப்பது. மேலே திட்டத்தின் சின்னம்.

அந்த வாரம் ஒரு மாலை, ஜெப்தா கரே அவளைக் கூப்பிட்டார். மையத்திலிருந்து அல்ல, வீட்டிலிருந்து. பின்னால் அவருடைய மனைவியின் குரல் கேட்டது. அந்தம்மாள் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, உங்க பேரு எங்கேங்க என்று கேட்டிருக்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

"அன்னோலின், உன் பக்கத்துல அந்த நிழல் பாடம் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அதுக்கு மேல என்ன போட்டிருக்கு?"

"அம்பே தீவு, ஜெப்தா கரே. எழுதிக் குடுத்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே."

"நான் செஞ்சதுக்கு நீ எடுத்திருப்பேன்னு நெனச்சேன்," என்றார்.

"எடுக்க எனக்கு ஏதுண்ணே உரிமை? அது உங்களுது."